பிளாஸ்மாவில் எந்த இடத்தில்? நுண்ணலையால் சூடாக்குவதும் மின்னோட்டம் ஓட்டுவதும்

கேள்வி இது: அணுக்கரு இணைவுக் கருவிகளில் நுண்ணலையைப் பாய்ச்சிப் பிளாஸ்மாவைச் சூடாக்குகிறார்களே, அது வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் பெரிய வடிவம்தானா? அதே அலை பிளாஸ்மாவுக்குள் மின்னோட்டத்தையும் ஓட்டும் என்கிறார்களே, எப்படி? நடைமுறையில் எங்கே தவறுகிறது?

அடுப்பில் இருப்பது 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை. மாறிமாறித் திசை திரும்பும் மின்புலத்தோடு நீர் மூலக்கூறுகள் சேர்ந்து திரும்ப முயல்கின்றன. பக்கத்து மூலக்கூறுகள் தடுக்க, சூடு பிறக்கிறது. அதில் ஒத்ததிர்வு எதுவும் கிடையாது. அதிர்வெண் கொஞ்சம் முன்பின் ஆனாலும் சோறு சூடாகத்தான் செய்யும். காந்தப்புலத்தில் அடைபட்ட பிளாஸ்மாவில், அதாவது எலக்ட்ரான்களும் அயனிகளுமாகப் பிரிந்த சூடான வாயுவில், கதை வேறு. அங்கே எலக்ட்ரான்கள் புலக்கோட்டைச் சுற்றி வட்டமிடுகின்றன. அந்தச் சுழற்சிக்கு ஒரு நிலையான வேகம் உண்டு: ஒரு டெஸ்லா புலத்துக்கு விநாடிக்கு 28 கிகா சுற்று. அலையின் அதிர்வெண்ணும் இதுவும் பொருந்தும் இடத்தில் மட்டுமே ஆற்றல் கைமாறும். பொருந்தாத இடங்களை அலை ஏறக்குறைய இழப்பின்றிக் கடந்துபோகும். இதை எலக்ட்ரான் சைக்ளோட்ரான் சூடேற்றம் என்கிறோம். அடுப்பில் அலையை உண்டாக்கும் மேக்னட்ரானையே வைத்து இதைச் செய்யலாம். 2.45 கிகாஹெர்ட்ஸுக்கு 875 காஸ் புலம் போதும், பல கல்லூரி ஆய்வகங்களில் சிறு பிளாஸ்மாக்கள் இப்படித்தான் உண்டாக்கப்படுகின்றன.

இந்த 28 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பாதி விஷயம் அதில் இருக்கிறது. டோக்கமாக் எனப்படும் வளைய வடிவ இணைவுக் கருவியில் முதன்மைக் காந்தப்புலம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. வளையத்தின் நடு அச்சிலிருந்து தூரம் கூடக்கூட அதே விகிதத்தில் குறையும். ஆகவே ஓர் அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுத்தால், அது பொருந்தும் இடம் பிளாஸ்மாவுக்குள் செங்குத்தாக நிற்கும் ஒரு மெல்லிய திரை போல அமையும். அலைக்கற்றை அந்தத் திரையை எங்கே தொடுகிறதோ அங்கேதான் சூடு. கற்றையைச் செலுத்தும் ஆடியை மேலும் கீழும் சாய்த்தால், திரையின் மேல் தொடும் இடமும் நகரும். மற்ற எந்தச் சூடேற்று முறைக்கும் இவ்வளவு துல்லியம் கிடையாது. நடுநிலை அணுக்கற்றை பிளாஸ்மாவின் பெரும்பகுதியில் பரவி ஆற்றலைக் கொட்டும், நுண்ணலையோ சில சென்டிமீட்டர் அகலத்தில் இறக்கும். இனி வரும் எல்லாக் கருவி விவரங்களும் அந்தச் சில சென்டிமீட்டரைக் காப்பாற்றத்தான்.

ஏன் வெளியிலிருந்து சூடேற்ற வேண்டும்? பிளாஸ்மாவில் ஓடும் மின்னோட்டமே அதைச் சூடாக்கும், ஆனால் சூடாகச் சூடாக மின்தடை வெப்பநிலையின் ஒன்றரை அடுக்கில் சரிந்துவிடும். ஒன்றிரண்டு கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் அந்த வழி நொண்டியடிக்கும். (1 கிலோ எலக்ட்ரான்வோல்ட் என்பது சுமார் 1 கோடியே 16 லட்சம் டிகிரி.) மின்னோட்டத்துக்கும் இதே போல ஓர் எல்லை உண்டு. டோக்கமாக்கில் அதை ஓட்டுவது நடுவில் நிற்கும் சுருள், பிளாஸ்மா அந்த மின்மாற்றியின் இரண்டாம் சுருள். மின்மாற்றி தரக்கூடிய காந்தப் பாயம் தீர்ந்ததும் மின்னோட்டமும் நிற்கும். தொடர்ந்து இயங்க வேண்டுமானால் வேறு ஏதாவது ஓட்ட வேண்டும்.

பிரான்சில் கட்டப்பட்டுவரும் பன்னாட்டு டோக்கமாக்கான ஈட்டரை எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். பிளாஸ்மாவின் மையம் 6.2 மீட்டர் தூரத்தில், அங்கே புலம் 5.3 டெஸ்லா. நுண்ணலையை உண்டாக்கும் குழாய்களான ஜைரோட்ரான்களின் அதிர்வெண் 170 கிகாஹெர்ட்ஸ். 28-ஆல் வகுத்தால் 6.07 டெஸ்லா. அந்தப் புலம் இருப்பது ஏறத்தாழ 5.4 மீட்டரில், அதாவது மையத்திலிருந்து 80 சென்டிமீட்டர் உள்பக்கம். அப்படியானால் மையத்தைச் சூடாக்க முடியாதா? முடியும். கற்றையை நேராக அனுப்பாமல் வளையத்தின் சுற்றுத் திசையில் சாய்த்து அனுப்பினால் டாப்ளர் விளைவு குறுக்கிடுகிறது. அலையோடு சேர்ந்து ஓடும் எலக்ட்ரானுக்கு அலையின் அதிர்வெண் குறைந்து தெரியும். எனவே அது குறைந்த புலத்திலேயே, அதாவது வெளிப்பக்கமே பொருந்திவிடும். சார்பியலால் எலக்ட்ரானின் நிறை கூடுவது இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும். மொத்தத்தில் டாப்ளர் விளைவே மேலோங்கி, வெளியிலிருந்து வரும் கற்றை கணக்குப்படி அமைந்த திரையை அடையும் முன்பே உறிஞ்சப்படும். காகிதத்தில் 28-ஐ வகுத்துக் கிடைத்த இடத்தையே சூடாகும் இடம் என்று நம்பிவிடுவது இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

அடுத்தது அடர்த்தி. பிளாஸ்மா ஓர் அளவுக்கு மேல் அடர்ந்தால் அலையை உள்ளே விடாது, கண்ணாடி போலத் திருப்பிவிடும். அலையின் மின்புலம் காந்தப்புலத்துக்கு இணையாக இருந்தால் அது ஓ-மோட், செங்குத்தாக இருந்தால் எக்ஸ்-மோட். அலை திரும்பிவிடும் அந்த எல்லையே வெட்டு அடர்த்தி. ஓ-மோடுக்கு அது 170 கிகாஹெர்ட்ஸில் கன மீட்டருக்கு சுமார் 3.6×10²⁰ எலக்ட்ரான், 140-இல் 2.4×10²⁰. சுழற்சி அதிர்வெண்ணின் இரு மடங்கில் எக்ஸ்-மோடைச் செலுத்தினால் வரம்பு இதில் பாதி. சுழற்சி அதிர்வெண்ணிலேயே எக்ஸ்-மோடை வெளிப்பக்கத்திலிருந்து செலுத்தவே முடியாது. ஒத்ததிர்வுக்கு முன்னால் ஒரு வெட்டுப் பரப்பு குறுக்கே நிற்கும், உள்பக்கத்திலிருந்து அனுப்பினால்தான் வழி. ஆகவே நடைமுறையில் புழங்குபவை மூன்று: முதல் மடங்கு ஓ-மோட், இரண்டாம் மடங்கு எக்ஸ்-மோட், இரண்டாம் மடங்கு ஓ-மோட்.

மூன்றாவதை ஒழுங்காகப் பயன்படுத்திக் காட்டிய இடம் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் உள்ள வெண்டெல்ஷ்டைன் 7-எக்ஸ் ஸ்டெல்லரேட்டர் (முறுக்கிய வெளிச் சுருள்களாலேயே பிளாஸ்மாவை அடைக்கும் வளையக் கருவி). புலம் 2.5 டெஸ்லா, 140 கிகாஹெர்ட்ஸ், ஒவ்வொன்றும் 1 மெகாவாட் தரத்தில் பத்து ஜைரோட்ரான்களுடன் இயங்கத் தொடங்கியது. எக்ஸ்-மோடில் பிளாஸ்மாவைத் தொடங்குவார்கள். அது 1.2×10²⁰ அடர்த்தியில் அடைபடும். அதற்கு மேல் போக ஓ-மோடுக்கு மாற வேண்டும். சிக்கல் உறிஞ்சுதலில் இருக்கிறது. இரண்டாம் மடங்கு எக்ஸ்-மோடின் ஒளியியல் தடிமன் (கடக்கும் அலையைப் பிளாஸ்மா உறிஞ்சும் வலிமை) அடர்த்தியையும் வெப்பநிலையையும் பெருக்கினால் வரும் அளவில் கூடும், சூடான பிளாஸ்மாவில் ஒரே கடப்பில் ஏறக்குறைய முழுதும் உறிஞ்சப்பட்டுவிடும். ஓ-மோடுக்கு அது வெப்பநிலையின் இருமடியைச் சார்ந்தது. குளிர்ந்த பிளாஸ்மாவில் கற்றையின் பெரும்பங்கு மறுபக்கம் போய்ச் சுவரில் அடிக்கும். அதனால் முதலில் எக்ஸ்-மோடில் நன்கு சூடேற்றிய பிறகுதான் தளவிளைவை, அதாவது அலையின் மின்புலம் ஆடும் திசையை, மாற்றுகிறார்கள். எதிர்ச்சுவரில் சிறப்பு எதிரொளிப்புத் தகடுகள் வைத்து, தப்பிய கற்றையை மறுபடியும் பிளாஸ்மா வழியே திருப்புகிறார்கள். 2023 பிப்ரவரியில் எட்டு நிமிடம் நீடித்த பிளாஸ்மாவில் 1.3 கிகாஜூல் ஆற்றலை இந்தக் கருவி கையாண்டது, சராசரி 2.7 மெகாவாட்.

இனி மின்னோட்டம். அலையின் உந்தம் எலக்ட்ரானைத் தள்ளுவதால் மின்னோட்டம் வருகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது இந்த முறைக்குப் பொருந்தாது. சைக்ளோட்ரான் அலை எலக்ட்ரானைப் புலக்கோட்டின் நெடுகில் தள்ளுவதில்லை, வட்டச் சுழற்சியைத்தான் வேகப்படுத்துகிறது. பின் ஓட்டம் எங்கிருந்து வருகிறது? 1980-ல் ஃபிஷும் பூசரும் காட்டிய விடை அழகானது. பிளாஸ்மாவில் வேகமான எலக்ட்ரான் குறைவாகவே மோதும், மோதல் வீதம் வேகத்தின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் சரியும். சாய்வாக அனுப்பிய அலை டாப்ளர் விளைவால் ஒரு திசையில் ஓடும் எலக்ட்ரான்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் சூடாக்குகிறது. அவை மோதல்களில் தம் திசையை இழக்க இப்போது அதிக நேரம் பிடிக்கும். எதிர்த்திசையில் ஓடுபவை வழக்கம்போல விரைவில் கலைந்துவிடும். இரு திசைகளுக்கும் இடையிலான இந்த ஏற்றத்தாழ்வே நிகர ஓட்டம். யாரையும் முன்னே தள்ளாமல், ஒரு பக்கத்தாருக்கு உராய்வைக் குறைத்தாலே போதும். எலக்ட்ரான் ஓடும் திசைக்கு எதிரே மின்னோட்டத்தின் திசை என்பதால், ஆடியைப் பிளாஸ்மா மின்னோட்டத்தோடு சேர்த்துத் திருப்புவதா எதிரே திருப்புவதா என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். குறி மாறினால் கூட்ட வேண்டிய மின்னோட்டத்தைக் குறைத்துவிடும்.

இதற்கு ஓர் எதிராளி உண்டு. டோக்கமாக்கின் வெளிப்பக்கம் புலம் குறைவு. உள்பக்கத்தின் வலுவான புலத்தைத் தாண்ட முடியாத எலக்ட்ரான்கள் அங்கே முன்னும் பின்னும் ஆடியபடி சிறைப்பட்டிருக்கும். சிறையின் விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கும் எலக்ட்ரானுக்குச் சுழற்சி வேகத்தைக் கூட்டினால், அதுவும் சிறைக்குள் விழுந்துவிடும். விழுந்தது இரு திசையிலும் சமமாக ஆடும், அதன் பங்கு ஓட்டத்திலிருந்து கழிந்துபோகும். இதுதான் ஒக்காவா விளைவு, ஃபிஷ்–பூசர் ஓட்டத்துக்கு நேரெதிர். மையத்தில் சிறைப்பட்டவை குறைவு என்பதால் தொல்லையில்லை. மையத்திலிருந்து விலகி, அதிலும் வெளிப்பக்கத்தில் ஆற்றலை இறக்கினால், இரண்டும் ஒன்றையொன்று தின்று மிச்சம் மிகச் சிறியதாகிவிடும். எனவே விளிம்பை நோக்கிய மின்னோட்டம் வேண்டுமானால், ஒரே காந்தப் பரப்பிலும் (புலக்கோடுகள் படிந்து சுற்றும் வளையப் பரப்பு) மேல்பக்கமோ உள்பக்கமோ உறிஞ்சப்படும்படி பாதையை அமைப்பது நல்லது. அமெரிக்காவின் டி-3-டி டோக்கமாக்கில் கற்றையை மேலிருந்து ஏறத்தாழச் செங்குத்தாக இறக்கி, வெளிப்பக்க ஏவுதலைவிட இரு மடங்கு பயனுறுதிறன் கிடைப்பதைக் காட்டினார்கள். அதே திறன், அதே ஜைரோட்ரான்தான், பாதை மட்டும் வேறு.

சாய்வுக் கோணத்துக்கும் பொருத்தமான அளவு ஒன்றுண்டு. சாய்வு மிகக் குறைந்தால் இரு திசை எலக்ட்ரான்களும் சேர்ந்தே சூடாகி ஓட்டம் ரத்தாகும். மிகக் கூடினால் டாப்ளர் அகலம் பெருகி ஆற்றல் பரவிவிடும், கற்றையும் வளையும். ஈட்டரின் மேல்பக்க ஏவிகளில் சுற்றுத் திசைச் சாய்வு சுமார் 20 டிகிரி.

எவ்வளவு மின்னோட்டம் கிடைக்கும்? துறையில் புழங்கும் கணக்கு எளிது. 10²⁰ அலகில் அடர்த்தியையும், மீட்டரில் ஆரத்தையும், மின்னோட்டத்தையும் பெருக்கித் திறனால் வகுத்தால் வருவது பயனுறுதிறன். ஈட்டரின் சூடான மையத்தில் இதை 0.2 என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி 1, ஆரம் 6.2, திறன் 20 மெகாவாட். கிடைப்பது சுமார் 0.65 மெகா ஆம்பியர். ஈட்டரின் முழு மின்னோட்டம் 15 மெகா ஆம்பியர். நுண்ணலையை மட்டும் நம்பி மொத்தத்தையும் ஓட்டுவது ஆகாத காரியம் என்று இதிலிருந்தே தெரியும். சிறிய கருவியில் ஆகும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள டி.சி.வி. டோக்கமாக், 0.5 மெகாவாட் ஜைரோட்ரான்கள் மூன்றை வைத்து 123 கிலோ ஆம்பியரை முழு இரண்டு விநாடிக்கு நுண்ணலையால் மட்டுமே தாங்கிக் காட்டியது. 2000-ல் வெளியான அந்த முடிவு இவ்வகையில் முதலாவது. அதற்கும் மூன்று கற்றைகளையும் மையத்தில் குவிக்காமல் ஆரத்தின் நெடுகில் பரப்பி வைக்க வேண்டியிருந்தது. மொத்தத் திறன் போதுமானதாக இருந்தும், பகிர்வு தவறியிருந்தால் நிலைபெற்றிருக்காது.

அதிக மின்னோட்டம்தான் குறி என்றால் இன்னொரு நுண்ணலை முறை இருக்கிறது: தாழ் கலப்பு அலை. அதிர்வெண் சில கிகாஹெர்ட்ஸ் மட்டுமே, அதை உண்டாக்குவது கிளைஸ்ட்ரான் என்ற நுண்ணலைக் குழாய். இது வேகமான எலக்ட்ரான்களை உண்மையிலேயே புலக்கோட்டின் நெடுகில் தள்ளுகிறது, ஆகவே பயனுறுதிறன் கூடுதல். பிரான்சின் கடராஷில் இருந்த டோர் சுப்ரா 3.7 கிகாஹெர்ட்ஸ் அலையால் 2003-ல் ஆறு நிமிடத்துக்கு மேல் பிளாஸ்மாவைத் தாங்கி ஒரு கிகாஜூலைக் கடந்தது. அதையே டங்ஸ்டன் சுவருக்கு மாற்றிய வெஸ்ட், 2025 பிப்ரவரி 12-ல் 2 மெகாவாட் திறனோடு 1337 விநாடி ஓடியது. இதற்கு விலையும் உண்டு. அலைவழிகளின் வாய்கள் அடுக்கிய தட்டியைப் பிளாஸ்மாவின் விளிம்பை ஒட்டி வைக்க வேண்டும். அந்த வாயருகே அடர்த்தி 3.7 கிகாஹெர்ட்ஸுக்குரிய 1.7×10¹⁷-ஐத் தாண்டினால்தான் அலை உள்ளே இறங்கும். பிளாஸ்மா கொஞ்சம் விலகினாலும் திறன் திரும்பி வரும், வாயில் பொறி பறக்கும். பத்து கிலோ எலக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டும் உலைப் பிளாஸ்மாவில் இவ்வலை மையத்தை எட்டும் முன்பே வெளிப்பகுதியில் உறிஞ்சப்பட்டுவிடும். சைக்ளோட்ரான் கற்றை பிளாஸ்மாவிலிருந்து தொலைவில் உள்ள ஆடியிலிருந்து வெற்றிடத்திலேயே பயணிக்கும், வாய்–விளிம்பு இடைவெளி என்ற கவலையே இல்லை. உலைக்கு ஏற்றது எது என்று கேட்டால், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் சைக்ளோட்ரான் பக்கம் நிற்பேன்.

அப்படியானால் அந்தச் சின்ன மின்னோட்டத்துக்கு என்ன வேலை? முதல் வேலை காந்தத் தீவுகளை, அதாவது புலக்கோடுகள் பிரிந்து தனியே சுருண்டுகொள்ளும் பகுதிகளை, அடைப்பது. பிளாஸ்மாவின் அழுத்தச் சரிவு தானாகவே ஒரு மின்னோட்டத்தை உண்டாக்கும், பூட்ஸ்ட்ராப் மின்னோட்டம் என்று பெயர். புலக்கோடுகள் சுற்றி வந்து தம்மிடமே மூடிக்கொள்ளும் பரப்புகளில், குறிப்பாக 2/1, 3/2 விகிதப் பரப்புகளில் (2/1 என்றால் வளையத்தை நீளவாக்கில் இருமுறை சுற்றுவதற்குள் குறுக்கே ஒருமுறை சுற்றுவது), ஒரு சிறு தீவு முளைத்தால் அதற்குள் அழுத்தம் சமன்பட்டு அந்த மின்னோட்டம் அங்கே மட்டும் இல்லாமல் போகும். அந்த ஓட்டை தீவை மேலும் வளர்க்கும். 2/1 தீவு பெரிதாகிச் சுழற்சி நின்று பூட்டிக்கொண்டால் பிளாஸ்மாவே முறிந்துபோகலாம். தீவின் நடுவில் அதே அளவு மின்னோட்டத்தை நுண்ணலையால் ஓட்டி ஓட்டையை அடைத்தால் தீவு சுருங்கும். ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் அப்கிரேட் டோக்கமாக்கில் 1999 வாக்கில் இதைச் செய்து காட்டினார்கள். ஓட்டிய மின்னோட்ட அடர்த்தி, அங்கே காணாமல் போன பூட்ஸ்ட்ராப் அடர்த்தியைப் போல 1.2 மடங்காவது இருக்க வேண்டும் என்பது ஈட்டருக்கு வைக்கப்பட்ட அளவுகோல். மொத்த ஆம்பியர் பெரிதாக வேண்டாம், ஆனால் தீவின் அகலத்துக்குள் இறங்க வேண்டும். ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி இறங்கினால் பயன் பெருமளவு போய்விடும். தீவு சுழன்றுகொண்டிருப்பதால், நடுப்பகுதி கற்றையின் முன் வரும்போது மட்டும் திறனைத் திறந்து மூடுவது உதவும். இதற்காகவே ஈட்டர் ஜைரோட்ரான்கள் 5 கிலோஹெர்ட்ஸ் வரை திறனை ஏற்றி இறக்க வேண்டும் என்று கேட்கப்பட்டது.

இரண்டாவது வேலை டங்ஸ்டனை வெளியேற்றுவது. சுவரிலிருந்து வரும் டங்ஸ்டன் மையத்தில் தேங்கினால் கதிர்வீச்சால் பிளாஸ்மாவைக் குளிர வைத்துவிடும். மையத்தில் எலக்ட்ரான்களைச் சூடாக்கினால் அங்கே கலக்கம் கூடி அது தேங்காமல் வெளியேறும். 2024-ல் ஈட்டர் தன் முதல் சுவரைப் பெரிலியத்திலிருந்து டங்ஸ்டனுக்கு மாற்றும் புதிய திட்டத்தை முன்வைத்தபோது, முன்பு 20 மெகாவாட்டாக இருந்த நுண்ணலைத் திறனை தொடக்கக் கட்டத்திலேயே 40 ஆக்கியதில் வியப்பில்லை.

மூன்றாவது, பிளாஸ்மாவைப் பற்றவைப்பது. மீக்கடத்திச் சுருள்களில் மின்னோட்டத்தை வேகமாக மாற்ற முடியாது. ஈட்டரில் பற்றவைக்கக் கிடைக்கும் மின்புலம் மீட்டருக்கு 0.3 வோல்ட் மட்டுமே. வாயுவை அயனியாக்க நுண்ணலை கைகொடுக்கிறது. காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆய்வுக் கழகத்தின் எஸ்.எஸ்.டி.-1 மீக்கடத்தி டோக்கமாக்கிலும் 42 கிகாஹெர்ட்ஸ் ஜைரோட்ரான் இந்த வேலையைச் செய்தது. 1.5 டெஸ்லாவை 28-ஆல் பெருக்கிப் பாருங்கள், அந்த 42 எங்கிருந்து வந்தது என்று புரியும். ஈட்டருக்காக முதலில் திட்டமிட்ட 24 ஜைரோட்ரான்களில் ஜப்பானும் ரஷ்யாவும் எட்டு எட்டு, ஐரோப்பா ஆறு, இந்தியா இரண்டு.

கருவிப் பக்கம் வருவோம், தவறுகள் அதிகம் அங்கேதான். ஜைரோட்ரான் 1960-களில் சோவியத் நாட்டின் கோர்க்கி நகரில் பிறந்தது. வளைய வடிவ எதிர்மின்வாயிலிருந்து சுமார் 80 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலும் 40 ஆம்பியரும் கொண்ட குழல் வடிவ எலக்ட்ரான் கற்றை கிளம்பும். மீக்கடத்திக் காந்தத்தின் நடுவில், 170 கிகாஹெர்ட்ஸுக்கு 7 டெஸ்லாவை ஒட்டிய புலத்தில், செப்புக் குழிவுக்குள் தன் சுழற்சி ஆற்றலை அலைக்குக் கொடுக்கும். அலைநீளம் 1.76 மில்லிமீட்டர்தான். அந்த அளவிலேயே குழிவைக் கட்டினால் சுவர் உருகிவிடும். அதனால் பல மடங்கு பெரிய குழிவில் மிக உயர்ந்த வரிசை மோட் (இங்கே, குழிவுக்குள் அலை அமையும் வடிவம்) ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். கிரைஃப்ஸ்வால்ட் ஜைரோட்ரானில் டி.இ. 28,8 மோட், குழிவின் ஆரம் சுமார் 20 மில்லிமீட்டர். அப்படியும் சுவரில் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோவாட் அளவில் வெப்பம் இறங்கும், குளிர்விப்பின் எல்லையே அதுதான். பெரிய குழிவில் பக்கத்துப் பக்கத்தில் பல மோட்கள் நெருங்கி நிற்கும். மின்னழுத்தம், கற்றை மின்னோட்டம், காந்தப்புலம் மூன்றில் ஒன்று நழுவினாலும் வேறு மோடுக்குத் தாவிவிடும். தாவினால் உள்ளே உள்ள ஆடிகள் அதற்கானவை அல்ல, திறன் குழாய்க்குள்ளேயே சிதறிச் சூடாக்கும். ஆகவே மின்னழுத்தம் ஒரு சதவீதத்துக்குள் நிலையாக இருக்க வேண்டும். மோட் தாவியது தெரிந்த உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். குழாய்க்குள் பொறி பறந்தால் பத்து மைக்ரோ விநாடி அளவுக்குள் துண்டிப்பது வழக்கம்.

துடிப்பு தொடங்கிய முதல் ஒரு விநாடிக்குள் குழிவு சூட்டில் விரிந்து அதிர்வெண் சில நூறு மெகாஹெர்ட்ஸ் சரியும். 170-இல் 200 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒத்ததிர்வு இடம் 6 மில்லிமீட்டர் நகரும், சூடேற்றத்துக்கு அது பொருட்டல்ல. ஆனால் எலக்ட்ரான் வெப்பநிலையை அளக்கும் கருவிகளின் முன்னால் இதே அதிர்வெண்ணைத் தடுக்கும் குறுகிய வடிகட்டி வைத்திருப்பார்கள். அதன் அகலம் இந்தச் சரிவையும் சேர்த்து மூடாவிட்டால் அளவீட்டுக் கருவியின் டயோடு எரிந்துபோகும்.

வேலை முடித்த எலக்ட்ரான்களிடம் இன்னும் ஏராளமான ஆற்றல் மிச்சம். சேகரிப்பானை எதிர் மின்னழுத்தத்தில் வைத்து அவற்றை மெதுவாக்கி அந்த ஆற்றலில் ஒரு பங்கை மீட்டால், மொத்தப் பயனுறுதிறன் 30 சதவீதத்திலிருந்து 50-ஐ எட்டும். ஜப்பானில் 170 கிகாஹெர்ட்ஸ் குழாய் ஒன்று 1 மெகாவாட்டை 800 விநாடி, 55 சதவீதத்தில் தந்திருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மெகாவாட் போல சேகரிப்பானின் செப்பில்தான் இறங்குகிறது. அது ஒரே கோட்டில் விழாமல் இருக்கக் காந்தச் சுருள்களால் கற்றையை ஓயாமல் அலைக்கழிக்க வேண்டும். அலைக்கழிப்பு நின்றுபோனால் செப்பு உருகிக் குளிர்விப்பு நீர் வெற்றிடத்துக்குள் வந்துவிடும். எனவே அந்தச் சுருளின் மின்னோட்டத்தைத் துண்டிப்பு முறையோடு கட்டாயம் இணைக்க வேண்டும்.

இந்தத் துறையை நெடுநாள் தடுத்து வைத்திருந்தது சன்னல். வெற்றிடத்தை அடைக்க வேண்டும், ஒரு மெகாவாட்டை வெளியே விடவும் வேண்டும். முந்தைய சன்னல் பொருள்களில் சில விநாடிகளுக்கு மேல் தாங்கவில்லை. விடை செயற்கை வைரம். வெப்பத்தைச் செம்பைவிட நான்கைந்து மடங்கு நன்றாகக் கடத்தும், நுண்ணலையை மிகக் குறைவாகவே உறிஞ்சும். 1 மெகாவாட் கடக்கும்போது வட்டில் தங்குவது 400–500 வாட் அளவுதான், விளிம்பில் ஓடும் நீரே போதும். தடிமன் மட்டும் கணக்காக இருக்க வேண்டும்: வைரத்துக்குள் அரை அலைநீளத்தின் முழு மடங்கு. 140 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் 0.45 மில்லிமீட்டர், நான்கு மடங்கு 1.8. அதே வட்டு 105 கிகாஹெர்ட்ஸில் மூன்று மடங்காகப் பொருந்தும். ஆஸ்டெக்ஸ் அப்கிரேடின் ஜைரோட்ரான்கள் 140, 105 என்ற இரு அதிர்வெண்களில் இயங்குவதற்கு இந்தப் பொருத்தமும் துணை. வட்டில் தூசியோ கார்பன் படலமோ படிந்தால் இழப்பு ஏறும், நடுப்பகுதி சூடாகும். குளிர்விப்பு நீரின் வெப்ப உயர்வைத் துடிப்புக்குத் துடிப்பு குறித்து வைப்பது நல்ல பழக்கம். அது மெதுவாக ஏறினால் சன்னல் அழுக்காகிறது என்று பொருள்.

அடுத்து பயணம். ஈட்டரில் நூறு மீட்டருக்கும் மேல், உட்சுவரில் கால் அலைநீள ஆழத்துக்குப் பள்ளங்கள் வெட்டிய 50 மில்லிமீட்டர் குழாய்கள், உள்ளே வெற்றிடம். குழாயின் நேர்ப்பகுதியில் இழப்பு மிகக் குறைவு. நுழைவாயில்தான் சோதனை. கற்றையின் இடை ஆரம், அதாவது அது மிகக் குறுகும் இடத்து ஆரம், குழாய் ஆரத்தின் 0.64 பங்காக இருந்தால் 98 சதவீதம் சரியான மோடில் ஏறும். நுழையும்போது 0.2 டிகிரி சாய்ந்திருந்தாலே கிட்டத்தட்ட 1 சதவீதம் தவறான மோடுகளுக்குப் போகும். கேட்கச் சின்னது, ஒரு மெகாவாட்டில் அது 10 கிலோவாட். அவ்வளவும் திருப்பங்களில் உள்ள ஆடிகளையும் இணைப்புகளையும் சூடாக்கும், அதைவிட மோசம், வெளியேறும் கற்றையின் திசை மாறும். அதனால் சீரமைக்கும்போது சில மில்லி விநாடித் துடிப்புகளை உறிஞ்சும் பலகை மேல் விழவைத்து, அகச்சிவப்புக் கேமராவில் பல தூரங்களில் வடிவத்தைப் பார்த்த பிறகே குழாயோடு இணைக்க வேண்டும். ஒரு படம் போதாது, இடம் சரியாகவும் கோணம் தவறாகவும் இருந்தால் ஒரே படத்தில் தெரியாது. கிரைஃப்ஸ்வால்டில் குழாயே இல்லை. நிலத்தடிச் சுரங்கத்தில் பெரிய ஆடிகளால் காற்றிலேயே கற்றைகளைக் கடத்துகிறார்கள்.

வழியில் தளவிளைவை மாற்றும் பள்ளமிட்ட ஆடிகள் இரண்டு வரும். ஒன்று நீள்வட்டத்தின் அளவை, மற்றது அதன் சாய்வை நிர்ணயிக்கும். சாய்ந்து நுழையும் கற்றைக்குத் தேவை நேர்க்கோட்டுத் தளவிளைவன்று, பிளாஸ்மாவின் விளிம்பில் உள்ள புலத்தின் சாய்வுக்கு ஏற்ற நீள்வட்டம். பிளாஸ்மா மின்னோட்டம் மாறினால் அந்தச் சாய்வும் மாறும். காந்தப்புலத்தின் திசையை மாற்றிப் போட்ட நாளில் இந்த ஆடிகளைத் திருப்ப மறந்தால், திறனில் கணிசமான பங்கு தவறான மோடில் போகும். ஈட்டர் போன்ற முதல் மடங்குக் கருவியில் அந்தப் பங்கு வெட்டுப் பரப்பில் பட்டுத் திரும்பிவிடும்.

உறிஞ்சப்படாத திறன் மறைந்துவிடாது. உலோகக் கலத்துக்குள் நூறு முறை எதிரொளித்து எல்லா மூலைகளையும் நிரப்பும். 1 மெகாவாட்டில் பத்தில் ஒரு பங்கு தப்பினாலே 100 கிலோவாட். பிளாஸ்மாவை ஒருபோதும் காணாத மூலையில் இருக்கும் கம்பிக் காப்பு, ரப்பர் வளையம், மெல்லிய துருத்தி, குளிர்ப்பம்பு எல்லாம் அதில் வேகும். ஓர் இழப்புள்ள பொருள், அது எவ்வளவு சிறியதானாலும், தன் பங்குக்கு மேல் உறிஞ்சும். கலத்துக்குள் வைக்கும் ஒவ்வொரு பாகத்தையும் முன்கூட்டியே சிதறல் அலையில் சோதிக்க கிரைஃப்ஸ்வால்டில் தனி அறையே வைத்திருக்கிறார்கள். அதை நான் வீண்செலவாகப் பார்க்கவில்லை. கலத்தின் பல இடங்களில் முகர்வான்கள் எனப்படும் உணரிகளை வைத்து, சிதறல் ஏறினால் ஜைரோட்ரானை நிறுத்துவார்கள்.

ஆக, ஒரு சோதனைக்குத் திட்டமிடும்போது வரிசை இப்படி அமையும். முதலில் புலமும் எதிர்பார்க்கும் உச்ச அடர்த்தியும், அவற்றிலிருந்து மடங்கும் மோடும். வெட்டு அடர்த்திக்கு நெருங்கிப் போகாதீர்கள், அதற்கு வெகு முன்பே கற்றை வளையத் தொடங்கும். 170 கிகாஹெர்ட்ஸ் ஓ-மோடுக்கு 10²⁰ அடர்த்தியிலேயே விலகல் எண் 0.85-க்கு இறங்கிவிடுகிறது. பிறகு டோர்பீம், டிராவிஸ் போன்ற கற்றைத் தடக் கணிப்பு நிரல்களில் ஆடிக் கோணங்களை ஓட்டிப் பார்த்து, இறங்கும் ஆரம், அகலம், மின்னோட்டம் மூன்றையும் குறிக்க வேண்டும். எதிர்பார்த்த அடர்த்திக்கு மட்டும் ஓட்டாமல் 20 சதவீதம் கூடுதலுக்கும் குறைவுக்கும் ஓட்டுங்கள், இறங்கும் இடம் எவ்வளவு நகர்கிறது என்பது அப்போதுதான் தெரியும். விளிம்பில் கொந்தளிக்கும் அடர்த்தி கற்றையைச் சிதறடித்துச் சராசரி அகலத்தைக் கூட்டும், அமைதியான பிளாஸ்மாவுக்கான கணிப்பில் இது வராது. பின் போலி மின்சுமையில் (பிளாஸ்மாவுக்குப் பதிலாகத் திறனை உறிஞ்சும் கருவி) ஜைரோட்ரானை மில்லி விநாடித் துடிப்பிலிருந்து படிப்படியாக நீட்டி, தேவையான நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிளாஸ்மாவுக்கு மாறிய பிறகு திறனைச் சிறிது ஏற்றி இறக்கிப் பார்த்து, எந்த ஆரத்தில் வெப்பநிலை உடனே பதில் சொல்கிறது என்று அளந்தால், இறங்கிய இடம் கணித்த இடம்தானா என்பது தெரிந்துவிடும். பொருந்தாவிட்டால் முதலில் ஆடியின் கோண அளவீட்டைச் சந்தேகப்படுங்கள், அடுத்து காந்தச் சமநிலைக் கணிப்பை, அதன் பிறகே தளவிளைவை.